வாசகர் கேள்வி–பதில்: நீதிமன்றப் படியேறிய நாயகி

சென்ற இதழில், பழைய ஹாலிவுட் நடிகையருள் உங்களுக்குப் பிடித்தவர் யார் என்று வள்ளியூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஒலிவியா டி ஹாவிலண்ட் என்று பெயரை மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தேன். அவர் யார், ஏன் அவர் என்று கேட்டுத் தாமிரபரணியின் இரு கரையிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அவருக்கே ஒதுக்கிவிடலாம் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். 1916இல் பிறந்து 2020இல் தம் 104ஆம் வயதில் மறைந்த ஒருவரைப் பற்றிப் பேச இந்த இடம் போதாதுதான். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, அந்த அம்மையார் பெயரில் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டமே இருப்பதாகத் திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி சொல்கிறாள். நடிகை பெயரில் சட்டமா? அவள் என்னைக் கேலி செய்கிறாளா என்று தெரியவில்லை.
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அம்பாசமுத்திரம்

பதில்: பேத்தி சொன்னது உண்மை. சட்டப் புத்தகத்தில் அது கலிஃபோர்னியத் தொழிலாளர் சட்டத்தின் 2855ஆம் பிரிவு. வழக்குரைஞர்களும் திரைத்துறையினரும் அதை ‘டி ஹாவிலண்ட் சட்டம்’ என்றே அழைக்கிறார்கள். சட்டத்தை அவர் இயற்றவில்லை. ஏட்டில் உறங்கிக்கொண்டிருந்த ஒரு பிரிவை நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்று, அதற்கு என்ன பொருள் என்று தீர்ப்பு வாங்கியவர் அவர்.

1930களின் ஹாலிவுட்டில் நடிகர்கள் பெரும்பாலும் படத்துக்குப் படம் சம்பளம் பேசுபவர்களாக இல்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் சென்னை ஜெமினியும் கலைஞர்களை மாதச் சம்பளத்தில் வைத்திருந்த காலத்தைப் பற்றித் தங்கள் தலைமுறையினர் கேட்டிருப்பீர்கள். அதைவிட இறுக்கமான ஏற்பாடு அங்கே இருந்தது. நிறுவனம் ஏழு ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும். இடையில் நடிகரை வேண்டாம் என்று அனுப்பிவிட நிறுவனத்துக்கு உரிமை உண்டு. விலகிப் போக நடிகருக்கு உரிமை கிடையாது. எந்தப் படம், எந்த வேடம், எந்த நிறுவனத்துக்கு இரவல் என்பதையெல்லாம் முதலாளிதான் முடிவு செய்வார். வேடம் பிடிக்கவில்லை என்று நடிகர் மறுத்தால் சம்பளமில்லாமல் இடைநிறுத்தம் செய்வார்கள். அப்படி நிறுத்திவைத்த நாட்களையெல்லாம் ஒப்பந்தத்தின் வாலில் கூட்டிக்கொள்வார்கள் என்பதுதான் இதில் பெரிய கொடுமை. நம் பக்கத்து வழக்கில் சொல்வதானால், வயலை ஏழு ஆண்டுக்கு ஒத்தி பிடித்தவர், கால்வாயில் தண்ணீர் வராமல் பிசானம் பொய்த்த ஆண்டுகள் கணக்கில் சேராது, அத்தனை ஆண்டும் கூடுதலாக நானே வைத்துக்கொள்வேன் என்று சொல்வதற்கு நிகர் அது. மறுக்க மறுக்க ஒப்பந்தம் நீண்டுகொண்டே போகும்.

ஒலிவியா வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தில் இருந்தார். 1936இல் எழுதிய ஒப்பந்தம் 1943 மே மாதத்தோடு முடிந்தது. ஆனால் இடைநிறுத்தக் கணக்கில் ஏறத்தாழ ஆறு மாதம் பாக்கி இருக்கிறது என்று நிறுவனம் சொன்னது. மார்ட்டின் கேங் என்ற வழக்குரைஞர் மேற்படி பிரிவை அவருக்கு எடுத்துக் காட்டினார். ஒருவருடைய உழைப்பை ஒப்பந்தத்தின் பெயரால் ஏழு ஆண்டுகளுக்கு மேல் எந்த முதலாளியும் வலிந்து கோர முடியாது என்று அது சொல்கிறது. ஏழு ஆண்டு என்பது நாட்காட்டியில் ஓடும் ஏழு ஆண்டா, வேலை பார்த்த நாட்களை மட்டும் கூட்டி வரும் ஏழு ஆண்டா என்ற ஒரே கேள்வியில் வழக்கு நின்றது. 1944 மார்ச்சில் கீழ் நீதிமன்றமும், அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நாட்காட்டி ஆண்டுதான் என்று தீர்ப்பளித்தன. 1945 பிப்ரவரியில் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்ததோடு வழக்கு முடிந்தது.

எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே நிறுவனத்தோடு மோதிய நடிகை பெட்டி டேவிஸ், அப்போதே ஆஸ்கர் பெற்றிருந்தவர், லண்டன் நீதிமன்றத்தில் தோற்றுத் திரும்பியிருந்தார். அவரளவுக்குப் புகழில்லாத, திரையில் சாதுவான பெண்ணாகவே அறியப்பட்ட ஒருவர் வெல்வார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நிறுவனத் தலைவர் ஜாக் வார்னர் மற்ற நிறுவனங்களுக்கெல்லாம் எழுதி அவருக்கு வேலை கிடைக்காமல் பார்த்துக்கொண்டார். ஏறத்தாழ இரண்டு ஆண்டு அவர் கேமராவின் முன் நிற்கவில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்த அந்நாட்களில், காயம்பட்ட படைவீரர்களைப் பார்க்கப் பசிபிக் தீவுகளின் மருத்துவமனைகளுக்குப் போய், ஃபிஜியில் நிமோனியா கண்டு தாமே படுக்கையில் விழுந்தார்.

பேத்திக்கு ஒரு தகவலும் சொல்லுங்கள். 1987இல் இசைத்தட்டு நிறுவனங்கள் தங்களுக்குச் சாதகமாக இந்தப் பிரிவில் ஒரு திருத்தத்தைச் சேர்த்துவிட்டன. அதாவது ஏழு ஆண்டு முடிந்து பாடகர் விலகினாலும், தராத இசைத்தட்டுகளுக்காக அவர்மீது இழப்பீடு கேட்கலாம். அதையும் மீறி, நடிகரும் பாடகருமான ஜேரட் லெட்டோவின் ராக் இசைக்குழு தன் நிறுவனத்தோடு போராடியபோது இந்தப் பிரிவைத்தான் துணைக்கு அழைத்தது. வக்கீல்களுக்கு இன்னும் வேலை கொடுத்துக்கொண்டிருக்கும் தீர்ப்பு அது.

கேள்வி: டி ஹாவிலண்ட் என்பது விமானக் கம்பெனியின் பெயர் அல்லவா? இவர் ஜப்பானில் பிறந்தவர் என்றும் எங்கோ படித்தேன். எது சரி?
— கடையநல்லூர் வாசகர்

பதில்: இரண்டும் சரி. விமானம் கட்டிய ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் இவருக்குத் தந்தைவழி உறவினர். ஒலிவியா 1916 ஜூலை 1ஆம் தேதி டோக்கியோவில், ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தார். தந்தை அங்கே முதலில் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, பிறகு காப்புரிமை வழக்கறிஞரானவர்; தாய் லிலியன் நாடக நடிகை. ஷேக்ஸ்பியரின் ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தில் வரும் ஒலிவியாவின் பெயரைத்தான் மூத்த மகளுக்கு வைத்தார்கள். 1919இல் குடும்பம் இங்கிலாந்து திரும்பப் புறப்பட்டு, வழியில் கலிஃபோர்னியாவில் இறங்கியபோது குழந்தைகள் இருவருக்கும் உடல்நலம் கெட்டது. தாய் குழந்தைகளோடு அங்கேயே தங்கிவிட, தந்தை ஜப்பானுக்குத் திரும்பி, வீட்டில் வேலை பார்த்த ஜப்பானியப் பெண்ணைப் பிறகு மணந்துகொண்டார்.

தாய் மறுமணம் செய்துகொண்ட ஃபான்டெய்ன் கடுமையான மனிதர். பள்ளி நாடகத்தில் நடிக்கக்கூடாது, நடித்தால் வீட்டில் இடமில்லை என்றார் அவர். பெண் நாடகத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினாள். ஜாக் வார்னருக்கு இந்தச் செய்தி யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் மில்ஸ் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து ஆங்கில ஆசிரியை ஆவது என்றுதான் இருந்தார். 1934இல் மாக்ஸ் ரைன்ஹார்ட் என்னும் பெரிய நாடக இயக்குநர் ஹாலிவுட் திறந்தவெளி அரங்கில் ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தைப் போட்டார். அதில் ஹெர்மியா வேடத்துக்கு மாற்று நடிகையாக, அதிலும் இரண்டாம் மாற்றாக, இவரை வைத்திருந்தார்கள். அந்த வேடத்தை ஏற்றிருந்த குளோரியா ஸ்டூவர்ட் படப்பிடிப்புக்குப் போய்விட, மாற்று நடிகையும் விலக, வாய்ப்பு இவருக்கு வந்தது. குளோரியா ஸ்டூவர்ட் என்றால் நம்மவர்களுக்கு உடனே தெரியாது. 1997இல் வந்த ‘டைட்டானிக்’ படத்தில் முதிய ரோஸாக வந்து கதை சொல்லும் பாட்டிதான் அவர். நாடகத்தைப் படமாக்கிய வார்னர் நிறுவனம் ஒலிவியாவையும் சேர்த்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 18.

கேள்வி: ‘கான் வித் த விண்ட்’ படத்தில் மெலனியாக நடித்தவர் இவர்தானே? அந்த மெலனி எவ்வளவு நல்லவளோ அவ்வளவு சலிப்பூட்டுபவள். ஸ்கார்லெட்டாக வரும் விவியன் லீதான் நினைவில் நிற்கிறார். மேலும், அடிமை முறையை அழகாகக் காட்டும் அந்தப் படத்தை இன்னும் கொண்டாடத்தான் வேண்டுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: அம்மையீர், இரண்டாம் கேள்விக்கு முதலில். 1939இல் வந்த அந்தப் படம் அடிமைகள் தங்கள் எஜமானர்களிடம் மகிழ்ந்து கிடந்தார்கள் என்னும் பொய்யை மூன்றே முக்கால் மணி நேரம் சொல்கிறது. அதை மறைக்க எந்த நடிப்பாலும் முடியாது. அதில் மாமி என்னும் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல், அட்லாண்டாவில் நடந்த முதற்காட்சிக்கு நிறவெறிச் சட்டங்களின் காரணமாக வர முடியவில்லை. 1940 பிப்ரவரியில் ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்ற வரலாறு படைத்த இரவிலும் அவரைத் தனி மேசையில்தான் உட்காரவைத்தார்கள். துணை நடிகைக்கான அந்தப் பரிசுக்கு ஒலிவியாவும் போட்டியில் இருந்தார். தோற்ற வருத்தத்தில் அன்றிரவு அழுததாகவும், மெக்டேனியலுக்குப் பரிசு போனதுதான் நியாயம் என்று சில நாட்களில் மனம் தெளிந்ததாகவும் அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

மெலனி சலிப்பூட்டுபவள் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில் கொள்ளையடிக்க வீட்டுக்குள் நுழைந்த படைவீரனை ஸ்கார்லெட் சுட்டுவிடும் காட்சியை மீண்டும் ஒருமுறை பாருங்கள். பிள்ளை பெற்று எழுந்திருக்கவும் தெம்பில்லாத மெலனி, தூக்க முடியாத வாளை இழுத்துக்கொண்டு மாடிப்படியில் வந்து நிற்கிறாள். செத்துக் கிடப்பவனைப் பார்த்து, அவனைக் கொன்றதில் மகிழ்ச்சி என்கிறாள். வெளியே பதறி ஓடி வருபவர்களிடம், துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்துவிட்டது என்று சன்னலிலிருந்து சிரித்த முகத்தோடு பொய் சொல்கிறாள். அவனுடைய பையைத் துழாவிப் பார்ப்போம் என்று முதலில் நினைப்பதும் அவள்தான். இரத்தம் தரையில் சிந்தாமல் அவன் தலையைச் சுற்றிக் கட்டத் தான் உடுத்தியிருக்கும் இரவு உடையையே கழற்றிக் கொடுக்கிறாள். இத்தனையையும் ஒலிவியா குரலை உயர்த்தாமல், முகத்தில் அந்தச் சாந்தம் மாறாமல் செய்கிறார். நல்லவளாக இருப்பவளுக்கு நெஞ்சுரம் இருக்காது என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம்.

அந்த வேடம் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதும் சுவையான கதை. வேறு நிறுவனம் எடுக்கும் படத்துக்கு அவரை இரவல் தர ஜாக் வார்னர் மறுத்துவிட்டார். ஒலிவியா வார்னரின் மனைவியைத் தேநீருக்கு அழைத்து, உதவி செய்யுங்கள் என்று கேட்டார். வேலை முடிந்தது. படப்பிடிப்பின் நடுவில் ஜார்ஜ் கியூக்கர் என்ற இயக்குநரை நீக்கி விக்டர் ஃபிளெமிங்கை அமர்த்தியபோது, ஒலிவியாவும் விவியன் லீயும் ஒருவருக்கொருவர் தெரியாமல் கியூக்கரிடமே போய்க் காட்சிகளுக்கு யோசனை கேட்டு வந்தார்கள். திரையில் அழுதால் தம் ஆண்மைக்கு இழுக்கு என்று படத்தின் நாயகன் கிளார்க் கேபிள் முரண்டு பிடித்த காட்சியில், அவரை அழச் சம்மதிக்க வைத்தவர்களில் ஒலிவியாவும் ஒருவர்.

கேள்வி: நடிகர் எரால் ஃபிளினுக்கும் இவருக்கும் காதல் என்பது உண்மையா?
— திசையன்விளை வாசகர்

பதில்: 1935இல் ‘கேப்டன் பிளட்’ தொடங்கி 1941 வரை எட்டுப் படங்களில் சேர்ந்து நடித்தார்கள். தமக்கு அவர்மேல் ஈர்ப்பு இருந்தது, அவர் மணமானவர் என்பதால் எல்லை தாண்டவில்லை என்று ஒலிவியா முதுமையில் சொன்னார். அதற்குமேல் நமக்கு என்ன வேலை?

கேள்வி: நடிகை ஜோன் ஃபான்டெய்ன் இவருடைய உடன்பிறந்த தங்கை என்றும், அக்காவும் தங்கையும் கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை என்றும் கேள்விப்பட்டேன். சொந்த அக்காள் தங்கைக்குள் அப்படி என்ன பகை?
— குடும்பத்தலைவி, சங்கரன்கோவில்

பதில்: ஒன்றேகால் வயது இளையவர் ஜோன். அக்கா வார்னரில் இருந்ததால் தங்கை குடும்பப் பெயரை விட்டுச் மாற்றாந்தந்தையின் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1942இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கருக்கு இருவர் பெயரும் ஒரே பட்டியலில் வந்தன, இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள், தங்கை வென்றார். 1947இல் ‘டு ஈச் ஹிஸ் ஓன்’ படத்துக்காக அக்கா முதல் ஆஸ்கர் வாங்கி இறங்கியபோது, வாழ்த்த வந்த தங்கைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை ஒரு புகைப்படக்காரர் எடுத்து வைத்துவிட்டதால் பகை உலகப் புகழ் பெற்றது. ஒலிவியா மணந்த எழுத்தாளர் மார்க்கஸ் குட்ரிச்சைப் பற்றி ஜோன் பத்திரிகையில் எள்ளலாகப் பேசியது அதற்குக் காரணம். 1975இல் தாயின் மறைவையொட்டி எழுந்த மனத்தாங்கலுக்குப் பிறகு போக்குவரத்து அடியோடு நின்றது. ஜோன் 2013இல் காலமானார்.

பத்திரிகைகள் இதை எண்ணெய் ஊற்றி வளர்த்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வழக்கில் அக்கா வென்றபோது, ஹாலிவுட் அவருக்கு மிகவும் கடன்பட்டிருக்கிறது என்று மனமாரச் சொன்னவர் இதே தங்கைதான். சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை இருவருமே பெற்ற சகோதரிகள் இவர்களைத் தவிர இன்றுவரை இல்லை. பங்காளிச் சண்டையைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இரண்டு கெட்டிக்காரர்கள் ஒரே வீட்டில் பிறந்தால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ஹென்றி ஜேம்ஸின் ‘வாஷிங்டன் ஸ்கொயர்’ நாவலைத் தழுவிய ‘தி ஹெயரஸ்’ படத்தை எங்கள் வகுப்பில் போட்டுக் காட்டினார்கள். நாவலில் இல்லாத ஒரு கொடூரம் படத்தின் முடிவில் இருக்கிறதே, அது சரியா?
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மற்ற வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். படத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூயார்க்கில் பணக்கார மருத்துவர் ஒருவரின் ஒரே மகள் கேத்தரின்; ஒலிவியாவின் வேடம் அது. அழகில்லை, சாமர்த்தியமில்லை, செத்துப்போன தாயின் கால்தூசிக்கு ஈடாகமாட்டாள் என்று தந்தை தினமும் பேச்சாலேயே அவளை அறுக்கிறார். மாரிஸ் என்ற அழகன் காதலிக்கிறேன் என்று வருகிறான். அவன் வருவது சொத்துக்காக என்கிறார் தந்தை. வீட்டை விட்டு ஓடிப்போக முடிவு செய்த இரவில், தந்தையின் சொத்து தனக்கு வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டதால் அவன் வரவே இல்லை. விடியும்வரை காத்திருந்தவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள்.

அந்த மாடிப்படி ஏற்றத்தை இயக்குநர் வில்லியம் வைலர் திரும்பத் திரும்ப எடுத்தார். ஏறு, போதாது, மறுபடி ஏறு என்று சொன்னாரே தவிர, என்ன போதவில்லை என்று சொல்லவில்லை; அது அவர் வழக்கம். பொறுமை இழந்த ஒலிவியா கையிலிருந்த பெட்டியை வீசி எறிந்தார். அது காலிப் பெட்டி என்பது அப்போதுதான் வைலருக்கு உறைத்தது. புத்தகங்களை உள்ளே அடுக்கி நிரப்பச் சொல்லி, மறுபடி ஏறச் சொன்னார். படத்தில் நாம் பார்ப்பது அந்தச் சுமையைத்தான். ஒவ்வொரு படியிலும் உடம்பு ஒரு பக்கம் சாய, கைப்பிடியைப் பற்றி ஏறும் அந்தப் பெண்ணின் நடையில், இனி யாரிடமும் ஏமாறமாட்டேன் என்னும் முடிவு எழுதப்பட்டிருக்கிறது.

ஆண்டுகள் கழித்து மாரிஸ் திரும்பி வந்து மணமுடிக்கக் கேட்கும்போது அவள் சம்மதிப்பதுபோல் சம்மதித்து, அவன் வந்து கதவைத் தட்டும் நேரத்தில் தாழிடச் செய்துவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு அதே படியில் ஏறுகிறாள். நீங்கள் கொடூரம் என்று சொல்வது இதை. நாவலில் கேத்தரின் அவனை அமைதியாக மறுத்துவிட்டுப் பூவேலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மாற்றம் நாடகமாக்கிய கோயட்ஸ் தம்பதியருடையது. ஹென்றி ஜேம்ஸின் முடிவு வாழ்க்கைக்கு நெருக்கமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் படத்துக்குள் அந்தத் தாழ்ப்பாள் சரியாகவே பொருந்துகிறது என்பது என் கருத்து. ஏனென்றால் கொடுமை செய்யத் தனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் கைதேர்ந்தவர்கள் என்று அவளே சொல்கிறாள். தந்தை பேசிய அதே அளந்த குரலில் அவள் பேசத் தொடங்கியிருப்பதைக் கவனித்தீர்களா? முதல் பாதியில் மூச்சுத் திணறியதுபோல் வந்த குரல், பிற்பாதியில் ஒரு படி இறங்கி ஆழமாகிவிடுகிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நாடகத்தை மேடையில் பார்த்துவிட்டு, இதைப் படமாக்குங்கள் என்று வைலரிடம் போய்க் கேட்டவர் ஒலிவியாதான். வார்னரிடம் சம்பளத்துக்கு இருந்த காலத்தில் இப்படி ஒரு கதையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவரிடம் போயிருக்க முடியுமா? அவருடைய இரண்டு ஆஸ்கர்களும் வழக்கில் வென்ற பிறகு நடித்த படங்களுக்குக் கிடைத்தவை. இரண்டாவது இந்தப் படத்துக்கு, 1950இல்.

கேள்வி: மனநல மருத்துவமனையைப் பற்றிய முதல் நல்ல படம் இவர் நடித்தது என்று ஒரு மருத்துவர் சொன்னார். நான் மனநலப் பிரிவில் செவிலியாக இருப்பவள். பார்க்கத் தகுந்ததா?
— செவிலியர், தென்காசி

பதில்: முதல் படம் என்று அறுதியிட்டுச் சொல்ல வேண்டாம். 1948இல் வந்த ‘தி ஸ்நேக் பிட்’டைத்தான் அவர் சொல்லியிருப்பார். மேரி ஜேன் வார்ட் என்னும் எழுத்தாளர் தாம் மனநல மருத்துவமனையில் இருந்த அனுபவத்தை வைத்து எழுதிய நாவல் அதற்கு மூலம். ஒலிவியா உண்மையான மருத்துவமனைகளுக்குச் சென்று, நோயாளிகளோடு பேசி, மின்னதிர்ச்சிச் சிகிச்சை எப்படித் தரப்படுகிறது என்பதை நேரில் பார்த்து, உடல் எடையையும் குறைத்துக்கொண்டு நடித்தார். தலை வாராமல், முகப்பூச்சு இல்லாமல் நட்சத்திர நடிகை திரையில் வருவது அன்றைக்குச் சாதாரணமில்லை. எங்கள் நாட்டு மருத்துவமனைகள் இப்படி இல்லை என்று ஒரு முன்னுரையைச் சேர்த்த பிறகே பிரிட்டனில் படத்தைத் திரையிட விட்டார்கள்; அந்த முன்னுரையே ஒரு வாக்குமூலம்போல் இருக்கிறது.

படத்தின் உளப்பகுப்பாய்வு விளக்கங்கள் இன்று தங்களுக்குப் பழையதாகத் தோன்றும். நெரிசலான கூடங்களும், பெயரிழந்து வரிசையில் நிற்கும் பெண்களும் அப்படித் தோன்றமாட்டார்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை மறக்காத மாநிலத்தில் இருந்துகொண்டு, அதெல்லாம் அமெரிக்காவின் பழங்கதை என்று நாம் எழுந்து போய்விட முடியாது.

கேள்வி: இவ்வளவு புகழோடு இருந்தவர் ஹாலிவுட்டை விட்டு ஏன் பாரிஸில் போய்க் குடியேறினார்?
— திருச்செந்தூர் வாசகர்

பதில்: முதல் மணம் 1953இல் முறிந்தது. பிரான்சில் சந்தித்த பியர் கலாந்த் என்ற பத்திரிகையாளரை 1955இல் மணந்து பாரிஸில் தங்கிவிட்டார். அந்த மணமும் பின்னர் முறிந்தாலும் ஊரை மாற்றவில்லை. பிரெஞ்சு வாழ்க்கையில் தாம் பட்ட பாட்டை நகைச்சுவையாக எழுதி 1962இல் நூலாக வெளியிட்டார். 1965இல் கான் திரைப்பட விழா நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் பெண் அவர். பாரிஸில் உள்ள அமெரிக்கப் பேராலயத்தில் விவிலியம் வாசிப்பது அவருடைய நெடுநாள் வழக்கம். மகன் பெஞ்சமின் 1991இல், தாய்க்கு முன்பே காலமானார். பணத்துக்காக நடித்த சில பிற்காலப் படங்களைப் பற்றி எழுதாமல் விடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

கேள்வி: நூறு வயதுக்கு மேல் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தாராமே? அதில் என்ன ஆயிற்று?
— விக்கிரமசிங்கபுரம் வாசகர்

பதில்: 2017இல், தம் 101ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வழக்குத் தொடுத்தார். நடிகையர் பெட்டி டேவிஸுக்கும் ஜோன் கிராஃபோர்டுக்கும் இருந்த பகையை வைத்து எஃப்எக்ஸ் என்ற தொலைக்காட்சி நிறுவனம் எடுத்த தொடரில் ஒலிவியாவும் ஒரு பாத்திரமாக வருகிறார். கேத்தரின் சீட்டா ஜோன்ஸ் அந்த வேடத்தில் நடித்தார். தம்மிடம் அனுமதி கேட்கவில்லை, தாம் ஒருநாளும் பேசாத பேச்சைத் தம் வாயில் வைத்து, தங்கையை வசைச்சொல்லால் ஏசும் வம்புக்காரியாகக் காட்டிவிட்டார்கள் என்பது அவருடைய புகார். தங்கையோடு பேச்சில்லாதவர் என்றாலும், தங்கையை ஊரறிய ஏசினார் என்ற பெயர் தமக்கு வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். சங்கரன்கோவில் வாசகி இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

கீழ் நீதிமன்றம் வழக்கை நடத்த அனுமதித்தது. 2018 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. உண்மை மனிதர்களைப் பற்றிக் கதை புனையும் உரிமை பேச்சுரிமைக்குள் அடங்கும், அதற்கு அவர்களிடம் அனுமதி பெற வேண்டியதில்லை என்றது தீர்ப்பு. 2019 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் எடுத்துக்கொள்ள மறுத்தது. மனத்தளவில் நான் அவர் பக்கம். ஆனால் தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால், ஒரு தலைவரைப் பற்றியோ நடிகரைப் பற்றியோ யாரும் துணிந்து நாடகம் எழுத முடியாது என்பதையும் எழுதுகிறவன் என்ற முறையில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. வழக்குத் தொடுத்த அதே ஜூன் மாதத்தில்தான் பிரிட்டிஷ் அரசி அவருக்கு, ஆண்களுக்குத் தரும் ‘சர்’ பட்டத்துக்கு நிகரான ‘டேம்’ பட்டம் அறிவித்திருந்தார். அந்தப் பட்டத்தை அவ்வளவு முதிய வயதில் அதற்குமுன் யாரும் பெற்றதில்லை.

கேள்வி: எழுபது வயதான என் தாயாருக்கு ஆங்கிலம் தெரியாது, பழைய படங்கள் என்றால் உயிர். எந்தப் படத்தில் தொடங்கலாம்?
— நாங்குநேரி வாசகர்

பதில்: 1938இல் வந்த ‘தி அட்வென்சர்ஸ் ஆஃப் ராபின் ஹுட்’. வார்னர் நிறுவனம் அதுவரை எந்தப் படத்துக்கும் கொட்டாத பணத்தை, சுமார் 20 லட்சம் டாலரை, கொட்டி டெக்னிகலர் வண்ணத்தில் எடுத்தது. வாள்சண்டை, மாறுவேடம், வில்வித்தைப் போட்டி, அரண்மனைச் சூழ்ச்சி எல்லாம் இருப்பதால், எம்.ஜி.ஆர் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வசனம் புரியாமலே கதை விளங்கும். ‘தி ஹெயரஸ்’ முழுக்க முழுக்கப் பேச்சு. பக்கத்தில் உட்கார்ந்து தாங்கள் தமிழில் சொல்லிக்கொண்டு வருவதானால் மட்டும் அதைப் போடுங்கள்.